அவருக்கு என்ன வேணும்?

"அண்ணி" என்று கூப்பிட்டபடி ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்தப் பெண் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கணவர் என்னைவிட்டுப் போனது முதல் இவளோடுதான் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

காலையில் ஃபோனிலும் அப்படித்தான் கூப்பிட்டாள். "அண்ணிங்களா? அவருக்குத் திடீர்னு முடியாமப் போயிடுச்சு. உடனே கிளம்பி வாங்க." ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். அதற்குள் அவர் பெயரைச் சொல்லிவிட்டாள்.

வழியெல்லாம் யோசித்து ஒருவாறு விளங்கிக்கொண்டேன். கணவனின் அக்காவை அண்ணி என்பது முறை. ஆக, என்னைத் தன் அக்கா என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். விவாகரத்தும் ஆகாமல், சேர்ந்தும் வாழாமல் இருக்கிற மனைவிக்கு அவர் கொடுத்திருக்கும் பதவி.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

அவள் வீட்டில் போட்டிருந்த துணியோடு வந்திருந்தாள். கால்களில் ஜோடி சேராத செருப்புகள், ஒன்று அவருடையது. தையல் வேலை செய்கிறவள் போலிருக்கிறது, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. எடுக்க மறந்திருந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே உட்கார்ந்தோம். ஒரே கம்பியில் கோர்த்த நாற்காலிகள். அவள் விசும்பினால் என் நாற்காலியும் ஆடியது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றாள். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம். ஆனால் பேச்சு திரும்பாது, கை கால் ஒரு பக்கம் விழுந்துவிடும். செய்யாவிட்டால் இன்று பொழுது தாண்டாது. மனைவியின் சம்மதம் கேட்க ஆபரேஷன் டாக்டர் வருவாராம்.

பேச்சு இல்லாமல் அவரா?

பழைய கார்களை ஏலம் விடுகிறவர். மூச்சு விடாமல் அவர் விலையை ஏற்றிக்கொண்டு போகும் அழகைக் கேட்கவே, வாங்குகிற எண்ணம் இல்லாதவர்களும் வந்து நிற்பார்கள். "நாக்கு விழுந்துட்டா என்னை விட்டுடு. படுக்கையில போட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்காதே. சத்தியம் பண்ணு" என்று ஒருமுறை என் கையைப் பிடித்துக் கேட்டார். பண்ணிக் கொடுத்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சத்தியம் இப்போது செல்லுமா?

நான் கல்லூரியில் மானுடவியல் நடத்துகிறவள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி என்று போட்டு, உலகத்துக் குடும்பங்களையெல்லாம் போர்டில் வரைந்து காட்டுவேன். உறவு என்பது ரத்தத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, ஒருவருக்கு ஒருவர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

நான் சொன்னது சரியென்றால், இப்போதே எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கால் எழவில்லை.

"சட்டைக்குப் பட்டன் வெச்சுக் குடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தார், அண்ணி. பாதியில வார்த்தை குழறிப் போச்சு. விளையாடுறாருன்னு நெனச்சு நான் சிரிச்சேன்."

அவள் மறுபடி அழுதாள். நாற்காலி ஆடியது. அவள் முதுகைத் தடவிக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. டாக்டர் எங்கள் இருவரையும்விடச் சின்னவர்.

"பேஷண்ட்டோட வைஃப் யாரு?"

அவள் எழவில்லை. என்னைப் பார்த்தாள்.

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். கல்யாணம் எப்போது, எங்கே என்று கிண்டிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வாள், பாவம்.

"இவங்கதான்" என்றேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

தடங்கலே இல்லாமல் வந்தது. கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயே சொல்லும்மா" என்றேன். டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். பிறகு மெல்ல டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"பண்ணிடுங்க சார். பேச்சு வராட்டிப் பரவாயில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிக்கிறேன்."

சத்தியம் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

கதவு மூடியது.

அவளுடைய இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேனா, இல்லை, பாரத்தை அவள் தலையில் கட்டிவிட்டு நழுவினேனா? படுக்கையில் கிடக்க வேண்டாம் என்று கெஞ்சியவரை அதே படுக்கையில் கிடத்தி, இத்தனை வருடக் கணக்கைத் தீர்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் கொஞ்சம் உண்மையாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் பிடிபடவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவள் இவள். 'நான்தான் மனைவி' என்று இவளே காலையில் சொல்லியிருந்தால் இங்கே யாரும் மறுத்திருக்கப் போவதில்லை. பிறகு என்னை எதற்குக் கூப்பிட்டாள்? ஆபரேஷனுக்கு நாத்தனாரின் சம்மதம் எதற்கு?

அவள் எழுந்து வராண்டாவின் கோடிக்குப் போனாள். காகிதக் கப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிங்க, அக்கா."

நீட்டிய என் கை பாதியில் நின்றது.

கணவனின் அக்காவை எந்தப் பெண்ணும் அக்கா என்று கூப்பிடுவதில்லை.

மூத்த தாரத்தைத்தான் இளையவள் அப்படிக் கூப்பிடுவாள்.