கோகிலவாணி கேட்ட நாய்

சாக்கு சுற்றிய கையை அந்த நாய் கவ்விய வேகத்தில், திருடன் வேஷம் போட்டிருந்த பண்ணையாள் ரங்கன் புழுதியில் மல்லாந்து விழுந்தார். தீனதயாளன் விசில் ஊதியதும் பிடியை விட்டுவிட்டு, சமர்த்தாக வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

“இது வேண்டாமுங்க” என்றாள் கோகிலவாணி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே.

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. ராசிபுரத்தில் பதினெட்டு வருஷமாகக் காவல் நாய் பழக்கி விற்கிறவர் அவர். தோட்டத்து வீடுகளில் திருட்டுப் பயம் கூடிய பிறகு, அவருடைய நாய்க்கு ஆட்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். இந்தப் பெண்ணோ மூன்று வாரமாக ஆட்டோ பிடித்து வந்து, ஒவ்வொரு நாயாகக் கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாய் சக்கரம் உருண்டாலே மிரண்டது. அதை வேண்டாம் என்றது நியாயம். இரண்டாவது நாய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாலாட்டியது, அதுவும் சரி. ஆனால் இது அவருடைய பண்ணையிலேயே முதல் தரமான நாய்!

“இதுக்கென்ன கொறை அம்மிணி? தடியோட எவன் வந்தாலும் உடாது.”

“தடியோட வாரவனுக்குச் சரிங்க. சிரிச்சுட்டே வாரவங்கள என்ன பண்ணும்?”

உடன் வந்திருந்த அண்ணன் தனபால் கடகடவென்று சிரித்தார். அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. “அவ சின்னதுலருந்தே அப்படித்தானுங்க, எடக்கு மடக்காத்தான் பேசுவா. நாங்கெல்லாம் வெளிய போயிட்டா தோட்டத்து ஊட்டுல தனியாத்தான் இருக்கறா. குமாரபாளையம் தறிக்காரங்களுக்குக் கம்ப்யூட்டர்ல துண்டு டிசைன் போட்டுக் குடுக்கறா. பாத்து நல்ல நாயாக் குடுங்க.”

பேசிக்கொண்டே, வெயில் படாமல் இருக்கட்டுமென்று நாற்காலியை வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளினார். கோகிலவாணி சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டி, பழைய இடத்துக்கே வந்துவிட்டாள்.

இப்படி ஓர் அண்ணன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லையே என்று தீனதயாளனுக்கு ஆதங்கமாக இருந்தது.

“ஆனா ஒண்ணுங்க” என்றார் தனபால். “நாய அடுத்த வாரம் கொண்டாந்து உடுங்க. ஞாயித்துக்கெழமை என்ர மக கிருத்திகாவப் பொண்ணு பாக்க மாப்ள ஊட்டு ஒரம்பரை வாராங்க. அன்னைக்குக் கொலச்சுட்டுக் கெடந்தா நல்லாருக்காது.”

“எனக்கு இன்னைக்கே வேணுமுங்க” என்ற கோகிலவாணி, ஓரத்தில் கட்டியிருந்த செவலை நிறக் கோம்பை நாயைக் காட்டினாள். “செம்பிய அவுத்து உடுங்க.”

மூன்று வாரமாக அவள் கையால் சோறு தின்ற நாய் அது. அவிழ்த்ததும் ஓடிவந்து அவள் முழங்கையை நக்கியது.

“அதுக்குப் பாயத் தெரியாதுங்க அம்மிணி. காமிச்ச எடத்துல நின்னு மொறைக்கும், அவ்வளவுதான்” என்றார் தீனதயாளன்.

“அது போதும்.”

கோகிலவாணி நாற்காலியைக் கயிற்றுக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். தூக்கிவிட ஓடிவந்த தனபாலைக் கைகாட்டித் தடுத்துவிட்டு, கையை ஊன்றித் தானே கட்டிலுக்கு மாறினாள். பிறகு, ரங்கனிடம் நாற்காலியைப் பத்தடி தள்ளி விடச் சொன்னாள்.

“செம்பி, காவல்!” என்று நாற்காலியைக் காட்டினாள்.

நாய் நாற்காலியின் முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

“அம்மிணி, நாய் உங்க பக்கத்துலதான இருக்கோணும்?”

“அங்கயே இருக்கட்டுமுங்க. அண்ணா, நீங்க போய் வண்டியத் தள்ளுங்க, பாக்கலாம்.”

தனபால் சிரித்த முகத்தோடு, “என்னடா தங்கம்” என்று கொஞ்சியபடி நாற்காலியின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். செம்பி எழுந்தது. குரைக்கவில்லை, பல் அத்தனையும் தெரிய, அடித்தொண்டையில் உறுமியது. நீட்டிய கை தன்னால் மடங்கியது.

பிஸ்கட்டைக் காட்டிப் பார்த்தார். பின்பக்கமாகப் பதுங்கி வந்து பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் செம்பி நின்றது. மனிதருக்கு வேர்த்து வழிந்தது.

“ஏம் பாப்பா, ஊட்டு ஆளையே கிட்ட உடாத நாய் நமக்கெதுக்கு?”

மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். “இதையே எடுத்துக்கறனுங்க.”

தீனதயாளன் தலையைச் சொறிந்தார். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு தேர்வை அவர் கண்டதில்லை. “எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க அம்மிணி. திருடன் வந்தா நகையக் கேப்பான், பணத்தக் கேப்பான். இந்த வண்டிய ஆரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?”

தனபால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தான் ஓட்டி வந்த பிக்கப் வண்டியின் சாவியைத் தேட ஆரம்பித்தார். கோகிலவாணி அண்ணனையே பார்த்தபடி சொன்னாள்.

“ஊட்டுக்கு ஒரம்பரை வாரப்பெல்லாம் என்னைய உள்ரூமுல படுக்க வெச்சுப்போட்டு, இதத் தூக்கிட்டுப் போய் மாட்டுக் கொட்டாயில ஒளிச்சு வெக்கறது என்ர அண்ணந்தானுங்க!”