சந்தனக் கருப்புக்கு ஒரு தகவல்

எதிரே வந்த மினிபஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. சோலைமுத்து தேங்காய் வண்டியை ஓரங்கட்டினான்.

நத்தம் ரோட்டில் சாணார்பட்டி தாண்டினால் முந்தாநாளிலிருந்து எந்தப் போனும் பேசவில்லை. மழையோடு வந்த சூறைக்காற்று டவரைச் சாய்த்துவிட்டது. சாவு, பிரசவம், பாம்புக்கடி எல்லாத் தகவலும் வண்டிக்கு வண்டி கைமாறித்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் பேர் எவனுக்குத் தெரியும்? முன்கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஆளுக்கும் பேர்.

மினிபஸ் டிரைவர் கண்ணாடியைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். சந்தனக் கருப்பு வண்டிக்குத் தகவலாம். பிள்ளைக்கு ரொம்ப முடியவில்லையாம். போட்டது போட்டபடி திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம். யார் சொன்னது என்று கேட்டான். தண்ணி லாரிக்காரன் சொன்னான், அவனுக்கு யார் சொன்னார்களோ என்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சோலைமுத்து பதறிப்போனான். பாண்டியராஜை நினைத்துத்தான்.

சந்தனக் கருப்பு பாண்டியராஜின் வண்டி. காலையில் சோலைமுத்துவின் வண்டி கிளட்ச் மக்கர் பண்ணியது. அது நத்தம் லோடு தாங்காது என்று பாண்டியராஜ்தான் தன் சாவியைக் கொடுத்தான். மக்கர் வண்டியை அவன் எடுத்துக்கொண்டு சிறுமலை அடிவாரத்துக்கு இளநீர் ஏற்றப் போனான். அவன் மகன் செழியனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் வேறு. இந்தத் தகவல் வேறு யாருக்கு வரும்?

நல்லவேளை நமக்கில்லை என்று ஒரு நினைப்பும் ஓடியது. மனுஷன்தானே. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நத்தத்து வியாபாரி காத்துக் கிடந்தால் கிடக்கட்டும் என்று வண்டியைத் திருப்பினான்.

பாண்டியராஜ் எடுத்துப்போன சோலைமுத்துவின் வண்டிக் கண்ணாடியில் இருப்பது அவன் மகளின் பேர். எதிரே வந்த டிராக்டர், டவுன்பஸ், பால் வண்டி ஒன்றையும் விடாமல் மறித்துக் கேட்டுக்கொண்டே போனான்.

"தேவதர்ஷினியப் பாத்தீகளா? பாத்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு வெரசாப் போகச் சொல்லுங்கப்பு."

யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்கிறோம் என்றார்கள்.

சாணார்பட்டிக்கு முன்னாலேயே சிறுமலை அடிவாரத் தோப்புப் பாதை பிரியும் இடம் வந்தது. நேரே போனால் திண்டுக்கல். அவன் இடது பக்கம் ஒடித்தான்.

முதல் தோப்பில் கேட்டால் அடுத்த தோப்பு என்றார்கள். அங்கே கேட்டால் அப்போதே போய்விட்டான் என்றார்கள். நடுவில் டயர் சேற்றில் மாட்டிக்கொண்டது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து தள்ளிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

அந்தப் பிள்ளை எப்படிக் கிடக்கிறதோ, அப்பன் எங்கே எங்கே என்று கேட்குமே என்று வழியெல்லாம் புலம்பினான். கருப்பா, அது பச்சைப்பிள்ளை, அதைப் போட்டுப் படுத்தாதே என்று வாய்விட்டே சொன்னான்.

கடைசியில் பாண்டியராஜ் எதிரேதான் வந்தான். சோலைமுத்து குதித்து ஓடி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். தானும் ஒரு பிள்ளையைப் பெற்றவன் என்பதால், சொல்ல வேண்டியதை மெதுவாக, பதறவிடாமல் சொன்னான்.

பாண்டியராஜ் ஒன்றும் புரியாமல் பார்த்தான்.

"எம்பய வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கான்ணே. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அவன் வீடு அந்த அடிவாரத்தில்தான். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று சோலைமுத்துவுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்?

சோலைமுத்து பிடித்த கையை விடவில்லை.

காலையில் சாணார்பட்டி வரும் முன்னால், போன் எடுக்கிற இடத்திலிருந்தே நாகல் நகர் வீட்டுக்குப் பேசியிருந்தான். இன்றைக்கு நம் வண்டி இல்லை, சந்தனக் கருப்பில் போகிறேன் என்று மனைவி தீபாவிடம் அவனேதான் சொன்னான்.

தீபா சரியாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தகவலும் சரியான வண்டிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

பாண்டியராஜ்தான் சோலைமுத்துவைப் பிடித்துச் சந்தனக் கருப்பில் ஏற்றி உட்காரவைத்தான். தானே ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்தக் குறுகலான பாதையில் வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டித் திருப்பினான்.

திருப்பி முடிக்கும்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு பைக் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. முன்பின் தெரியாத ஆள். டிராக்டர்காரர் இந்தப் பக்கம் கைகாட்டினாராம்.

அந்த ஆள் கண்ணாடியைப் படித்தார். அப்புறம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பைக்கை அணைத்துவிட்டுக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இனி ஆஸ்பத்திரிக்கு வர வேணாமாம்ணே. நேரா நாகல் நகர் வீட்டுக்கே வந்துரச் சொன்னாக."