எதிரொலிப் பெட்டி

உள்ளே இரும்புத் தகடு அதிர்ந்து பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் பெட்டி ஒன்று மாமனாரின் அறையில் கட்டில் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதே ஒலியைத் தரும் மென்பொருளை மாப்பிள்ளை எழுதி முடித்திருந்தார்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலேன்னா பெட்டியைக் குடுத்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது," என்றார் மாமியார்.

"என் காதையா ஏமாத்தப் பாக்கறீங்க?" மாமனார் பெட்டிமேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை மாற்றி மாற்றிப் பாட்டைப் போட்டார்.

"இது பெட்டி. இது கம்ப்யூட்டர். இது பெட்டி."

ஒன்றுகூடத் தப்பவில்லை. மாப்பிள்ளை சந்தேகத்தோடு பாட்டையே நிறுத்தினார்.

"இது கம்ப்யூட்டர்," என்றார் மாமனார், தலையாட்டி ரசித்தபடி.

மாப்பிள்ளை பெட்டிமேல் இருந்த கையைப் பார்த்தார். இத்தனை நேரமும் தகட்டின் அதிர்வை மாமனாரின் காதல்ல, கைதான் கேட்டிருக்கிறது.

மாமனார் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து, மாப்பிள்ளை உதட்டசைவு தெரியும்படி நிதானமாகச் சொன்னார்: "நான் தோத்துட்டேன், மாமா. பெட்டி இங்கேயே இருக்கட்டும்."