மண் மேல் ஒரு பழி

"மண்ணு புளிப்புன்னு எழுதிக் குடுங்க மேடம். அது போதும்."

மண் பரிசோதனைக் கூடத்து அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் மண் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். கெட்டுப்போச்சு என்று எழுதச் சொல்லி ஒருவன் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"இல்லாத புளிப்பை நான் எங்கேருந்து தம்பி கொண்டு வர்றது? குடைமிளகாய்க்கு மண்ணுல அமிலம் எவ்வளவு இருக்கணுமோ, அளவெடுத்துத் தைச்ச மாதிரி அவ்வளவுதான் இருக்கு. கோளாறு அது இல்ல. உரத்தை அள்ளிக் கொட்டியிருக்கீங்க. அந்த உரத்தோட உப்பு ஏறி வேர் கருகிடுச்சு. அதான் செடி மொத்தமும் போச்சு."

"மெதுவா மேடம்..." அவன் சட்டென்று வாசலைப் பார்த்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் அவன் மனைவி. உட்காருவாள், எழுந்திருப்பாள், கதவருகே வந்து எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் போய் உட்காருவாள். உள்ளே இவனும் அதே லட்சணம்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி, அது கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"உப்புன்னு எழுதாதீங்க மேடம். புளிப்புன்னு போடுங்க. புளிப்புன்னா யார் மேலயும் தப்பு இல்லல்ல? மண்ணோட குணம் அது."

"போட்டா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே சுண்ணாம்பைத் தூவுவீங்க. நல்லா இருக்கற மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டா, செடி இரும்புச்சத்தை எடுக்காது. இலையெல்லாம் வெளுத்துப்போகும். இருக்கற கோளாறு போதாதா?"

"சத்தியமா தூவ மாட்டேன். ஒரு மூட்டை வாங்கி ஓரமா வச்சிடறேன். அவ பார்த்தாப் போதும்."

அதிகாரியம்மாவின் புருவம் ஏறியது.

"ஓஹோ, சங்கதி அப்படிப் போகுதா? உரத்தைக் கொட்டினது நீங்க. வீட்டுல மாட்டிக்கக் கூடாது. அதுக்கு என் கையெழுத்து!"

அவன் மறுபடியும் வாசல் பக்கம் பார்த்தான்.

"ஆமா மேடம். அப்படியே வச்சுக்குங்க."

பக்கத்து மேசைக்காரருக்கு வேலை ஓடவில்லை. "ஜாடியை உடைச்சிட்டுப் பூனை மேல பழி போடறவனைப் பார்த்திருக்கேன். இவர் மண்ணு மேலயே போடறாரே!" என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார்.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். வெளியே தவித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஏறியது. பாவம், அவளும்தானே இடுப்பு ஒடிய நட்டிருப்பாள்! செய்வதையும் செய்துவிட்டு, அவள் காதில் பூச்சுற்ற வேறு பார்க்கிறான்.

உள்ளது உள்ளபடியே அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், எங்க போறீங்க?"

"உங்க வீட்டம்மாகிட்ட. நடந்ததை நானே சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, அவகிட்ட மட்டும்..."

அதிகாரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போயே விட்டார். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

அவரைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. சோறு தண்ணீர் இறங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

"இங்க பாரும்மா, உன் புருஷன்..." என்று அதிகாரியம்மா ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் போட்ட உரம்தானே மேடம்? இவர் ஒரு கைப்பிடி போதும்னுதான் சொன்னாரு. சீக்கிரம் காய்க்கட்டுமேன்னு நான்தான் இவருக்குத் தெரியாம மறுபடியும் மறுபடியும் போட்டேன். அத்தனை செடியையும் என் கையாலயே கொன்னுட்டேனே மேடம்!"

அதிகாரியம்மா திரும்பிப் பார்த்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் அவன், கண் கலங்க, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

கையில் இருந்த தாளை அதிகாரியம்மா நான்காக மடித்தார்.

"மண்ணுல உப்பு ஏறியிருக்கும்மா. அவ்வளவுதான். நல்ல தண்ணியா நிறைய விட்டு அலசினா சரியாப் போயிடும்."

"அப்ப... என்னால இல்லையா மேடம்?"

"இந்த மண்ணுல நான் நட்டிருந்தாலும் கருகித்தாம்மா போயிருக்கும்."