போர்டு நட வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இப்போதெல்லாம் ஜனங்களுக்கு வீட்டில் உட்காரத் தெரிவதில்லை. தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, கால்சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு, அடுத்தவன் வாசல் வழியாகச் சைக்கிள் விடுகிறார்கள். கேட்டால் அமைதியைத் தேடி வந்தார்களாம். அமைதியாகக் கிடந்த இடத்தில் கூச்சல் போட்டுக்கொண்டே அதைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

"இதோ, இன்னொருத்தி வந்துட்டா" என்று கிழவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

இவள் தனியாக வந்திருந்தாள். சைக்கிளை அவர் வேலியில் சாய்த்துவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த சின்னக் கல்பாலத்துக்கு அடியில் இறங்கிக் கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வந்த கும்பலில் ஒரு வாயாடி சொல்லிவிட்டுப் போயிருந்தான். "தாத்தா, இதைச் சைக்கிள் பாதைன்னு போர்டு நடப்போறாங்க. முதல்ல ரோட்டைப் பார்த்துட்டுப் போக ஒரு ஆள் வரும். அப்புறம் பாருங்க, உங்க வாசல் ஜேஜேன்னு ஆயிடும்." அன்றிலிருந்து கிழவருக்குச் சரியான தூக்கமில்லை.

இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடித்தே ஒரு காதைத் தொலைத்தவர் அவர். மிச்சமிருந்த காதுக்காகத்தான் இருந்ததையெல்லாம் விற்று, ஒரு பக்கம் காடும் மறுபக்கம் வெறும் புதர்மேடுமாகக் கிடந்த இந்த ரோட்டில் ஒற்றை வீட்டை வாங்கினார். காற்றடித்தால் புதர் சலசலக்கும். அதற்கு மேல் ஒரு சத்தம் அவருக்கு ஆகாது.

"யாரும்மா அது? பாலத்துக்கு அடியில என்ன வேலை?"

"வணக்கம் ஐயா. ரோட்டைப் பார்க்க வந்தேன். நான் வந்து..."

"தெரியும், தெரியும். எல்லாம் கேள்விப்பட்டேன். சைக்கிள் போறதுக்குப் பாலத்தை என்னத்துக்குத் தட்டிப் பார்க்கறே? இடிஞ்சா விழப்போகுது?"

அவள் கையை உதறிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். "இந்த ரோட்டுல குடியிருக்கிறது நீங்க மட்டும்தானா?"

"நானும் என் வீட்டுக்காரியும். ஏன், துணைக்கு வரப்போறியா?"

"இல்லைங்க, ஒரு விஷயம் கேட்கணும். சைக்கிள்காரங்க நிறைய வருவாங்களா?"

விஷயத்துக்கு வந்துவிட்டாள் என்று கிழவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பய வர்றதில்லை."

"ஞாயிற்றுக்கிழமைகூடவா?"

"எப்படி வருவான்? காட்டுப்பன்னி வந்து டயரைக் கடிச்சுத் தின்னுடும்."

வீட்டுக்குள் அவர் மனைவி பக்கென்று சிரித்தது வெளியே கேட்டது. "ஏங்க, அந்தப் பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணியாவது கொடுங்களேன்" என்றாள் ஜன்னல் வழியே.

"உன்னை யாரு கேட்டா? உள்ளே போ!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றாள் வந்தவள். "நீங்க சொல்றதைத்தான் நான் மேல சொல்லணும்." அவள் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

கெஞ்சியே காரியம் சாதிக்கிறவர்களை அவர் பார்க்காதவரா? இந்த ரோட்டை இவள் ஒரேயடியாகத் தலைமுழுகும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார்.

"யோசிக்க என்ன இருக்கு? இது சைக்கிள் ரோடே இல்லை. லாரி ரோடு. ராவும் பகலும் ஓடுது. ஒவ்வொண்ணும் வீடு மாதிரி இருக்கும். சைக்கிள்ல வர்றவன் தகடாயிடுவான்."

அவள் ரோட்டைப் பார்த்தாள். நட்டநடு ரோட்டில் ஒரு அணில் உட்கார்ந்து எதையோ நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. "லாரி ஓடுதுங்கறீங்க, ஒரு குழிகூடக் காணோமே?"

"உடனுக்குடனே ஒட்டிடறானுங்க."

"பாலம் தாங்குதா?"

"தாங்காமலா இத்தனை லாரி போகுது? கேட்கறா பாரு கேள்வி!"

"அவ்வளவு சத்தத்துல எப்படி இருக்கீங்க? யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்றது? பழகிப்போச்சு. லாரிச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. கிளம்பு, கிளம்பு. அடுத்தது வர்ற நேரம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்களே இவ்வளவு உறுதியாச் சொன்னா நான் என்ன பண்ண முடியும்? சரிங்க ஐயா."

"போர்டு கீர்டுன்னு எதையாவது கொண்டாந்து இங்கே நட்டே, பிடுங்கி அடுப்புல வச்சிடுவேன். சொல்லிட்டேன்."

"எந்தப் போர்டு? போர்டு நடற ஆள் நான் இல்லைங்க."

"இங்க வர்ற எல்லாரும் இப்படித்தான் நல்லவங்க மாதிரி பேசுவீங்க. அப்புறம் போய் வேலையைக் காட்டுவீங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தலையாட்டிவிட்டுப் போகிறாள், நாளைக்கே நாலு பேரோடு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பாள். வேலிக் கதவை அறைந்து சாத்தினார். அவள் "ஐயா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டதற்கும் திரும்பாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவள் சைக்கிளை நிமிர்த்தினாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சார், சைக்கிள் போற ரோடுன்னு காட்டித் தடுக்கலாம்னு பார்த்தேன், முடியலை. கல்குவாரி லாரியை இந்த வழியாவே விடச் சொல்லிடுங்க."