ஒரு ஸ்லைடு, ஒரு வாக்கியம்

டாக்டரம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று டிசைனர் பெண் அன்றுதான் முடிவு கட்டினாள்.

"ஒரு ஸ்லைடுக்கு ஒரே ஒரு வாக்கியமா மேடம்?"

"ஆமாம்மா. அது முடிஞ்சதும் அப்படியே நிக்கணும். பார்க்கறவங்களா க்ளிக் பண்ணினாத்தான் அடுத்தது வரணும்."

"நான் எல்லாத்தையும் தானா ஓடற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேனே."

"இந்த சி.டி. நம்மளோட எல்லா கிளினிக்குக்கும் போகுது. ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், பாதி அரதப் பழசு. வேகமா பேசினா அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

டிசைனர் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறந்த குழந்தையைக் கவனிப்பது எப்படி என்று தாய்மார்களுக்குச் சொல்லித்தரும் ஸ்லைடுகள். வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். இனி குரல் மட்டும்தான் பாக்கி.

குரல் கொடுக்க டாக்டரம்மா கூட்டிவந்தது பிரசவ வார்டு சிஸ்டரை.

சிஸ்டர் தங்கமான மனுஷி. எப்பேர்ப்பட்ட அழுகையும் அவர் தோளில் போட்டுத் தட்டினால் அடங்கிவிடும். ஆனால் பேச்சு திக்கும். ஒரு தாயிடம் தனியாகப் பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. நாலு பேர் முன்னால் நின்றால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். வார்டில் வகுப்பு எடுக்கச் சொன்னால் வேறு யாரையாவது முன்னால் தள்ளிவிட்டு நழுவிவிடுவார். அவர் மைக் முன்னால் உட்கார ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

"ரிசப்ஷன் பொண்ணுக்குக் குரல் நல்லா இருக்கும் மேடம்." டிசைனர் மெல்லப் போட்டுப் பார்த்தாள்.

சிஸ்டர் உடனே எழுந்துவிட்டார். "ஆ... ஆமா டாக்டர். அந்தப் பொண்ணே பேசட்டும். எனக்கு வார்டுல வேலை கிடக்கு."

ஆசையாக வந்தவரின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க டிசைனருக்கே கஷ்டமாக இருந்தது.

"உட்காருங்க சிஸ்டர். எனக்கு உங்க குரல்தான் வேணும்" என்றார் டாக்டரம்மா.

பதிவு தொடங்கியது.

"கு... கு... குழந்தையோட..."

"நிறுத்தும்மா." டாக்டரம்மா டிசைனர் பக்கம் திரும்பினார். "உன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது, சரியா பதியவே இல்லை. சிஸ்டர், சிரமம் பார்க்காம இன்னொரு தடவை சொல்லுங்க."

டிசைனருக்குச் சுருக்கென்றது. வந்து ஒரு மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டர் அது. பேசியது அத்தனையும் பதிவாவது திரையிலேயே தெரிகிறது. பெரிய டாக்டரிடம் என்னத்தைச் சொல்ல என்று மறுபடி பதிவு பட்டனை அழுத்தினாள்.

அன்று முழுக்க இதே கதைதான். சிஸ்டருக்கு வார்த்தை சிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் திட்டு விழுந்தது, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் திரும்பச் சொன்னார். போகப்போக சிஸ்டருக்குப் படபடப்பு குறைந்தது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வாக்கியமும் திக்கலே இல்லாமல் பதிவாகிவிட்டது.

மறுநாள் சி.டி.யை ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். சிஸ்டர் பேசுவதைக் கேட்க நர்சுகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். படம் வந்தது, எழுத்து வந்தது. குரலைக் காணோம்.

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எ... என்னாலதான் கெட்டுப்போச்சா?"

குரல் பதிந்த ஃபைல்களைச் சி.டி.யில் சேர்க்காமல் தன் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் டிசைனருக்கு உறைத்தது. அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும் பேசும், வேறு எங்கே போட்டாலும் ஊமைதான். இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது.

"ஸ்டோர் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, அதான்." டாக்டரம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "வேற யார் மேலயும் தப்பு இல்லை. மத்தியானம் புதுசா ஒரு சி.டி. எழுதிப் பார்த்துக்கலாம்."

கூட்டம் கலைந்தது. டாக்டரம்மா டிசைனரின் காதருகே குனிந்தார்.

"சவுண்டு ஃபைலை எல்லாம் ஸ்லைடு இருக்கற ஃபோல்டர்லயே போட்டு, அங்கேருந்து திரும்ப லிங்க் குடுத்துட்டு, அப்புறம் எழுதும்மா. எங்க போட்டாலும் பேசும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

டிசைனர் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு மண்ணும் தெரியாதவர் பேசுகிற பேச்சா இது? ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் எதற்கு, நேற்று தன் புதுக் கம்ப்யூட்டர் ஏன் அத்தனை திட்டு வாங்கியது என்று இப்போதுதான் மண்டையில் ஏறியது. மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மத்தியானம் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் சிஸ்டரின் குரல் கணீரென்று வந்தது. நர்சுகள் கைதட்டியதில் சிஸ்டருக்கு வெட்கம் தாங்கவில்லை.

அப்புறம் டிசைனரும் சிஸ்டரும் உட்கார்ந்து சி.டி.க்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவின் ரகசியத்தைத் தானும் காப்பாற்றவேண்டும் என்று டிசைனருக்கு ஒரு வேகம்.

"என் கம்ப்யூட்டர் சுத்த மோசம் சிஸ்டர். நேத்து நீங்க பேசினதுல பாதியை முழுங்கிடுச்சு."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே அடுத்த உறையை எடுத்தார்.

"எங்க வீட்ல ஓட்டை உடைசல் கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கும்மா. அதுல பேசிப் பேசிப் ப... பழகிட்டுத்தான் இங்க வந்தேன். அதுவே ஒரு திக்கலைக்கூட விடாம பதியுது, உன்னோடது முழுங்குமா? டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், சங்கடப்படுவாங்க."