நாடகம் பார்த்துப் படித்த பாஷை

“பிள்ளை லவீனா, இந்தப் போனை ஒருக்கா வாங்கிக் கதை. ஆரோ கொரியாக்காரன் கத்துறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

வலையிலிருந்து நண்டு கழற்றிய ஈரக் கையோடு செபமாலை வேலியைக் கடந்து வந்து நின்றார். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த லவீனா திரும்பினாள்.

“ஆரின்ரை நம்பர், அங்கிள்?”

“றோயின்ரை நம்பர்தான். அவன்ரை படம்தான் விழுந்தது. மகன் எண்டு ஆசையா எடுத்தால், உவன் கத்துறான்.”

லவீனா வந்து போனை வாங்கினாள்.

செபமாலைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக இந்தப் பெண் காதில் வயரைச் செருகிக்கொண்டு கொரிய நாடகமே கதி என்று கிடப்பதைப் பார்த்துக் குருநகரில் சிரிக்காத ஆளில்லை. அவரும் சிரித்தவர்தான். “உந்த நாடகக்காரர் வந்து உனக்குச் சோறு போடுவினமோ?” என்று வேலிக்கு மேலால் கேட்டிருக்கிறார். இன்றைக்கு இந்த ஒழுங்கையில் அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மகன் றோய் பாஷைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, கொரியாவுக்கு மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம். ஊரில் மற்றப் பிள்ளைகள் கடலை விட்டுத் தப்பத்தான் வெளிநாடு போனார்கள். அவன் இன்னொரு நாட்டுக் கடலுக்குப் போனான். போன ஞாயிற்றுக்கிழமைகூட, பனி கொட்டுகிற கப்பல் தட்டில் நின்று, “பாருங்கோ அப்பா, ஐஸ் பெட்டிக்கு வேலையே இல்லை” என்று வீடியோவில் காட்டிச் சிரித்தவன்.

லவீனா போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று தணிந்துபோனது.

பிறகு நெடுநேரம் அந்த ஆள்தான் பேசினான். “நே... நே...” என்று மட்டும் அவள் சொன்னாள்.

“அதென்ன நே?”

“ஓம் எண்டு அர்த்தம், அங்கிள். கொஞ்சம் பொறுங்கோ.”

“றோய் எங்கையாம்? அதை முதல் கேள்.”

அவள் கொடிக்கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“கப்பல் கப்டன்தான் கதைக்கிறார். விடியப்புறம் பெரிய காத்தாம். வலை இழுக்கேக்கை கயிறு காலிலை சுத்தி...”

“கடல்லை விழுந்திட்டானோ? தூக்கி எடுத்தாங்களோ?”

“ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்தவையாம்.”

“எடுத்திட்டாங்கள்தானே! அப்ப ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கிறாங்கள், என்ன?”

லவீனா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“பிள்ளை, நீ நாடகம் பாத்துப் படிச்ச பாஷை உது. பிழையா விளங்கியிருக்கும். திரும்பக் கேள்.”

கேட்டாள். அவர் சொல்லாமலே மூன்றாந்தரமும் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“நாடகத்திலை டொக்டர் கதவைத் திறந்து வெளியிலை வந்து ஒரு சொல்லுச் சொல்லுவார், அங்கிள். அதைத்தான் இவரும் சொல்லுறார். அது எனக்குப் பிழைக்காது.”

செபமாலை அப்படியே மணலில் குந்திவிட்டார். ஏழு வயதில், பாலத்தடியில், இடுப்பில் கயிறு கட்டி அவனுக்கு நீந்தப் பழக்கியவர் அவர்தான்.

“நீந்தத் தெரிஞ்ச பிள்ளையடி... மீனைப்போலை நீந்துவானடி...” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தபோது, லவீனா கண் கலங்காமல் நின்று அந்த ஆளிடம் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். இடைக்கிடை, நாடகத்தில் வருகிறவர்களைப்போலத் தலையைக்கூடக் குனிந்தாள். அவருக்கு நெஞ்சு கசந்தது. அவளுக்கு இது அயல் வீட்டுச் சாவுதானே என்று நினைத்துக்கொண்டார். அந்தப் படங்களில் எத்தனை சாவைப் பார்த்திருப்பாள்!

“இப்ப என்னவாம் கேக்கிறான்?”

“உடம்பை ஊருக்கு அனுப்ப ஒரு கடுதாசியிலை கையெழுத்து வேணுமாம்.”

“எங்கையெண்டு சொல்லு, நான் வைக்கிறன். பெத்தவன் நான்தானே.”

“நீங்கள் வைக்கேலாதாம். மனுசிதான் வைக்கோணுமாம்.”

“ஆரின்ரை மனுசி?”

“றோயின்ரை மனுசி. அங்கை குடுத்த பத்திரத்திலை பேர் கிடக்காம்.”

செபமாலை வேலியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கை ஒரு கொரியாக்காரியைக் கட்டிப்போட்டானோ? ஐயோ, தாய் கோயிலாலை வரப்போறாள். மகன் செத்துப்போனான் எண்டு சொல்லுறதோ, ஆரோ ஒருத்தியைக் கட்டினவன் எண்டு சொல்லுறதோ? கேள் பிள்ளை, ஆரவள்? என்ன பேர்?”

லவீனா கேட்கவில்லை. போனைத் தாழ்த்திப் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

“கேக்கத் தேவையில்லை, மாமா. அவர் பிளேன் ஏறப் போறதுக்கு முதல் கிழமைதான் நாங்கள் ரெண்டு பேரும் கலியாண எழுத்து எழுதினனாங்கள். தன்ரை தங்கச்சியின்ரை கலியாணம் முடியட்டும், அதுவரைக்கும் அப்பாவுக்குச் சொல்லாதை எண்டிட்டுப் போனவர்” என்றாள், அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.